மஞ்சள் போட்டு வேகவைத்த எலும்பு

ஏட்டி நூரு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. நீதான் என்னை இப்படிக் கூப்பிடுவாய், உன்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்கிற மட்டு மரியாதை எதுவும் இல்லாமல். பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "ஏட்டி ரங்கா, இங்கன எடம் போட்டு வச்சிருக்கேன், வா" என்று கத்துவாய். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அந்தக் கத்தலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்றுதான் இப்போது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கண்ணை மூடி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. எனக்குத் தெரிந்ததே போன வாரம்தான். நம் மில்லில் ரீலிங் பிரிவில் இருந்த சரோஜா, கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "ஒங்க சேக்காளி போயிட்டாளே, சேதி வரலயா?" என்றாள். நாம் பேசிப் பன்னிரண்டு வருஷமாயிற்று. ஊர் இன்னும் நம்மைச் சேக்காளி என்றுதான் சொல்கிறது, நூரு. வாங்கிய கத்தரிக்காயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் நான் ஒருத்திதான். அதே மில், அதே டைப்ரைட்டர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு அதே எட்டே கால் பஸ். நீ இருந்த டெலிபோன் போர்டில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். நல்ல பெண்தான். மெதுவாகப் பேசுகிறாள், அதுதான் எனக்கு ஆகவில்லை.

பஞ்சுவை உனக்கு ஞாபகம் இருக்கும். மேனேஜர் வீட்டு நாய் ஈன்ற குட்டிகளில் அதற்கு மட்டும் காது கேட்கவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்ற உடம்பு, ரோஸ் நிற மூக்கு. நான் கூடையில் வைத்துக் கொண்டுவந்தபோது, கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற என் அப்பா வாசலிலேயே மறித்தார். காது கேட்காது என்றதும் இளகிவிட்டார். "பெருமாள் மணிச் சத்தம்கூடக் கேக்காத ஜீவனா? சரி, கொல்லையில இருக்கட்டும்" என்றார். தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினால் பஞ்சு அதிர்வை உணர்ந்து ஓடிவரும். அதை அதற்குப் பழக்கியதே அப்பாதான்.

எங்கள் வீட்டுத் தயிர்சாதத்தில் அது வளரவும் செய்தது, ஆனால் பல் முளைத்ததும் கொல்லைக் கதவையே கொறித்துத் தின்ன ஆரம்பித்தது. உன்னிடம்தான் புலம்பினேன். நீ சிரித்தாய். "வேட்டை நாயப் புடிச்சு ஐயங்காராக்கப் பாக்கியே, பாவமில்லையா?" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உன் அத்தாவின் கறிக்கடையிலிருந்து ஒரு மூட்டெலும்பைத் தாமரை இலையில் சுற்றி, உங்கள் வீட்டுப் பின்வாசலில் கொடுத்தாய். கொடுக்கும் முன் பாடம் வேறு எடுத்தாய். "பச்ச எலும்பாத்தான் குடுக்கணும். வேக வச்சத மட்டும் போட்டுறாத, சில்லு சில்லா ஒடஞ்சு கொடலக் கிழிச்சிரும். அது கடிக்கிற மட்டும் நீ பக்கத்துலயே இரு. வாய்க்குள்ள போற அளவுக்குச் சின்னதாயிட்டா பிடுங்கிரு. வெளங்குதா?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது, அதுதானே கொடுமை. லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஞாயிறுதோறும் பஞ்சுவைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போவேன். அது எலும்பை இரண்டு காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு கொறிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். நீயும் சில நாள் வந்து உட்காருவாய். ஆறேழு மாதம் அதற்கு ஒரு குறையும் இல்லை.

மார்கழி வந்தது. பனியில் எனக்குக் காய்ச்சல், கண்மாய் வரைக்கும் நடக்க முடியாது. பஞ்சு காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீ உன் தம்பியிடம் எலும்பைக் கொடுத்தனுப்பிவிட்டாய். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். மார்கழியும் அதுவுமாக, ரத்த வாடையோடு அதை எங்கள் கொல்லையில் எப்படிப் போடுவது என்று எனக்கு மனசு கேட்கவில்லை. நெருப்பில் காட்டி மஞ்சள் சேர்த்தால் எதுவும் சுத்தமாகிவிடும் என்பது எங்கள் வீட்டில் கேள்வி கேட்காத பழக்கம். வெந்நீர் அடுப்பில் பழைய தகர டப்பாவை ஏற்றி, ஒரு பிடி மஞ்சளைப் போட்டு, எலும்பை வேகவைத்தேன். நீ சொன்னது ஞாபகம் இருந்தது நூரு. ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

கொல்லையில் போட்டுவிட்டு உள்ளே வந்து படுத்தேன். மொடுக் மொடுக்கென்று உடையும் சத்தம் கேட்டது. எழுந்து போவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. எச்சில் ஒழுகியது, வாந்தியில் ரத்தம். அப்பா தரையைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறார், அது வாலை மட்டும் ஆட்டுகிறது. விஷயம் கேள்விப்பட்டு நீதான் கடை வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாய். அப்பா, நான், நீ மூன்று பேரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

"என்னத்தக் குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"தயிர்சாதம்தான் சார் சாப்பிடறது" என்றார் அப்பா.

நான் குனிந்து பஞ்சுவின் காலைப் பிடித்துக்கொண்டேன். நீ பஞ்சுவின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாய். உன் கட்டைவிரல் மஞ்சளாயிற்று. விரலைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, "நாந்தான் சார் குடுத்தேன். எங்க வீட்டுக் கொழம்புல கெடந்த எலும்பு. தெரியாமக் குடுத்துட்டேன்" என்றாய்.

தெரியாமல்! நீயா? கறிக்கடைக்காரர் மகளா?

மறுநாள் பஞ்சு போய்விட்டது. அப்பாவே குழி தோண்டினார். அதற்கப்புறமும் ஒரு வாரம் மறதியாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணோட இனிமே பேச்சு வச்சுக்காதே" என்று மட்டும் என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அப்பாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. நீ பழியை ஏற்றுக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. அவ்வளவு கேவலமானவள் நான்.

அடுத்த நாள் பஸ்ஸில் எனக்காக உன் பையை வைத்து இடம் போட்டிருந்தாய். நான் உன்னைத் தாண்டி, பின்னால் போய் நின்றேன். அன்றைக்கு நீ கத்தவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே கத்தவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம் ஆகி சேத்தூர் போய்விட்டாய். பத்திரிகையை என் டைப்ரைட்டர் மேல் வைத்துவிட்டுப் போனாய், நான் வரவில்லை. அப்பா போன பிறகாவது வந்திருக்கலாம். சேத்தூருக்கு என்ன பஸ்ஸா இல்லை?

நேற்றுதான் வந்தேன். உன் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். உன் மகள் பர்வீன் இருந்தாள். பத்து வயதாம், அதே கட்டைக் குரல். முற்றத்தில் ஒரு செவலை நாய். அதற்குப் பச்சை மூட்டெலும்பைப் போட்டுவிட்டு, பரீட்சை சூப்பர்வைசர் மாதிரி பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தாள். சின்னதானதும் பிடுங்கி எறிந்தாள்.

"வேக வச்சத போட மாட்டோம். எங்கம்மா கண்டிசனாச் சொல்லிருக்காக" என்றாள் அவளாகவே. "அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி கொழம்பு எலும்பப் போட்டு ஒரு வெள்ள நாயக் கொன்னுட்டாகளாம். அது அம்மாவோட சேக்காளி நாயாம். அதுலருந்து அந்தச் சேக்காளி அம்மாகூடப் பேசவே இல்லையாம். என் தப்புதானட்டீன்னு சொல்லிச் சொல்லி அழுவாக."

உன் வீட்டுக்குள்ளேயுமா நூரு? பெற்ற பிள்ளையிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லையா? டாக்டரிடம் சொன்னது என்னைக் காப்பாற்ற. இது யாருக்காக? சொல்லிச் சொல்லி நீயே அதை நம்பிவிட்டாயா?

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்குள் அவள் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். மதுரையில் அவள் அத்தா வாங்கியதாம். மாட்டுத் தோலைச் சுருட்டி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, எலும்பு மாதிரியே செய்திருக்கிறார்கள். நாய் மெல்லுவதற்காம். "இதக் குடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறாள், என்னிடம்!

"குடுத்தா பக்கத்துலயே இரு. ஊறிக் கொழகொழன்னு சின்னதாயிட்டா பிடுங்கிரு. முழுங்க விட்டா தொண்டைல அடைச்சுக்கும்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கம்மா சொல்ற மாதிரியே சொல்லுதீக. நீங்க அம்மாவுக்கு யாரு வேணும்?"

கூட வேலை பார்த்தவள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுபடியும் உன்னைத் தாண்டிப் போய்ப் பின்னால் நின்றுவிட்டேன், பார்த்தாயா? வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி சேத்தூர் போகிறேன். அந்தச் செவலை நாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, உன் மகளிடம் சொல்லப்போகிறேன். உன் அம்மா கொடுத்தது பச்சை எலும்பு. வேகவைத்தது நான். மஞ்சள் போட்டதும் நான். பேசாமல் போனதும் நான். அவள் என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். வெளியே போ என்றாலும், அடுத்த ஞாயிறும் போவேன். போகும்போது பஸ்ஸில் பக்கத்து இடத்தில் என் பையை வைத்துக்கொள்வேன். யாராவது கேட்டால், ஆள் வருகிறது என்று கத்தியே சொல்வேன்.

அம்மாவுக்கு யாரு வேணும் என்று அவள் கேட்டதற்கு உனக்குத்தான் முதலில் பதில் எழுதுகிறேன்.

உன் அக்கா,
ரங்கநாயகி