ஓத மட்டும் வந்தவள்

அன்புள்ள அம்மாவுக்கு, மத்லூபாவின் ஸலாம்.

காலையில் எழுந்ததும் முதலில் உங்கள் முழங்காலுக்காகத் துஆ செய்தேன். வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று பக்கத்து வீட்டில் ஒரு பாட்டியம்மா இறந்துபோனார். ஆறு வருடமாக இந்தத் தெருவின் மரண வீடுகளில் குர்ஆன் ஓதுபவள் நான்தான். இறந்த பெண்களைக் குளிப்பாட்டுகிறவர் வெளியூர் போயிருந்தார். போன வருடம் குடிவந்த சனோபர், அதுவரை அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், உடனே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள்.

"மத்லூபாக்கா, கொஞ்சம் தண்ணி ஊத்துறீங்களா?"

"நான் ஓத வந்தவ."

"அப்ப கைய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றாள்.

வேறொருத்தி ஊற்றினாள். பிறகு இறந்தவரின் மகள், "நீயே ஓதிடு சனோபர், எங்கம்மாவத் தொட்டவ நீ" என்றாள். சனோபர் ஓதினாள். கரகரத்த குரல், இரண்டு இடத்தில் தடுமாற்றம். ஆனாலும் எல்லோரும் அழுதார்கள். நான் ஓதினால் குரலைத்தான் புகழ்வார்கள். வயிறு எரிந்தது அம்மா, இன்னும் எரிகிறது.

உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனையோடு அப்படியே அனுப்புங்கள்.

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போக நேரமாகிவிட்டது. குளிப்பாட்டச் சொல்லித்தரும்படி சனோபரிடம் கேட்கப்போகிறேன். அவளுக்கே இன்னும் தெரியாது.