உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை

ஜார்ஜியா,
1938 ஏப்ரல் 14, பெரிய வியாழன்.

என் அருமை ஹோசியாவுக்கு உங்கள் லூவீனியா எழுதுவது. நானும் நம் மகள் பெர்லியும் சுகம். உங்கள் இருமல் குறைந்திருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் மண்டியிட்டுக் கேட்கிறோம்.

முதலில் தலைபோகிற விஷயம். சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வரக் கூடாது. அந்தக் காசநோய் விடுதியில் நம் கறுப்பு ஆட்களுக்கென்று இருப்பது பன்னிரண்டே கட்டில். ஏழு மாதம் காத்துக் கிடந்து, போதகர் நடையாய் நடந்து, உங்களுக்கு ஒன்று கிடைத்தது. எழுந்து வந்தால் அன்றைக்கே வேறொருவர் அதில் படுத்துவிடுவார். இந்தக் கடிதத்தைப் போதகர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நாளை அவர் அந்தப் பக்கம் வருகிறார்.

நீங்கள் எதற்காகத் துடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? புனித வெள்ளிக்குள் உழவு முடியாவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலக்காரர் சொன்னதை யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் நேற்று சாயங்காலத்தோடு உழவு முடிந்தது. கடைசிச் சால் வரைக்கும் முடிந்தது. நிலக்காரரும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி என்றுதான் அர்த்தம்.

யார் உழுதார்கள் என்று கேட்பீர்கள். கோபப்படுவதானால் படுத்தபடியே படுங்கள். பக்கத்து நிலத்து டூவிட் சைக்ஸ்தான்.

தெரியும், பஞ்சு ஆலை வாசலில் நம் வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தன் வண்டியை முன்னால் விட்டவர்தான். நீங்கள் அதை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ஆனால் ஜனவரிக் குளிரில் அவருடைய இரண்டு கோவேறு கழுதைகளில் ஒன்று செத்துப்போனது. நம்மிடமும் இருப்பது ஒன்று. இந்தச் செம்மண் மழைக்குப் பிறகு இறுகிக் கிடக்கிற இறுக்கத்துக்கு ஒற்றைக் கழுதை என்ன செய்யும்? வெள்ளைக்காரர் என்று பேர்தான், அவருடைய கால்சட்டையில் என் கால்சட்டையைவிட ஒட்டு அதிகம். ஆமாம், உங்கள் கால்சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனேன். சிரியுங்கள், ஆனால் இருமாமல் சிரியுங்கள்.

அவர்தான் வேலியோரம் வந்து, தொப்பியைக் கழற்றாமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "ரெண்டையும் சேத்துப் பூட்டுனா ரெண்டு பேருக்கும் ஆகும். மொதல்ல என்னோடது, அப்புறம் உன்னோடது. என்ன சொல்ற?" முதலில் அவருடையதாம்! இருந்தும் சரி என்றேன்.

இரண்டு நாள் அவர் வயலில் நின்றேன். மத்தியானம் அவர் மனைவி வெஸ்டா பின்வாசல் வழியாகத் தட்டை நீட்டினாள். சோள ரொட்டியும் கீரையும். அவர்கள் உள்ளே மேஜையில் சாப்பிட்டார்கள், நான் பின்படியில் சாப்பிட்டேன். காலம் காலமாக நடப்பதுதானே, எனக்கு அது உறைக்கக்கூட இல்லை.

மூன்றாம் நாள் அவர் நம் வயலுக்கு வந்தார். மத்தியானம் சாப்பாடு போட வேண்டும். வெள்ளைக்கார ஆளை எங்கே உட்கார வைப்பது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்படி மேஜையில் நம்மோடு உட்கார வைத்ததை யாராவது பார்த்தால் அவருக்கும் கேடு, நமக்கு அதைவிடக் கேடு. அதனால் பின்வாசலில் என் நாற்காலியைப் போட்டு, தலைகீழாகக் கவிழ்த்த பெட்டியின்மேல் என் கல்யாணத் துணியை விரித்து, கோழித் தொடையை அவருக்கு வைத்தேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். பெர்லியும் நானும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது. "ஏன் லூவீனியா, என்னைய மட்டும் எதுக்கு நாய்க்கு வைக்கிற மாதிரி வெளிய வச்சு சோறு போட்ற?"

என் வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே. "உங்க வீட்ல எனக்கு எங்க போட்டாங்களோ, அங்கதாங்க போட்டேன். நாற்காலிதான் கூட" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதைவிடச் சின்னப் பேச்சுக்கு இந்த ஊரில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது! பெர்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தட்டைக் காலி செய்து படியில் வைத்துவிட்டு வயலுக்குப் போனார். சாயங்காலம் கழுதையை அவிழ்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். பாதி நிலம் அப்படியே கிடந்தது. ஒரு வாய்த் துடுக்குக்கு நிலத்தையும் உங்கள் கட்டிலையும் தோற்றுவிட்டேன் என்று அழுதேன். நிலம் போகிறது என்று தெரிந்தால் நீங்கள் அங்கே ஒரு நிமிஷம் படுத்திருக்கமாட்டீர்களே.

மறுநாள் விடிந்ததும் வந்தார். கழுதையும் வந்தது. கூடவே வெஸ்டாவும் ஒரு பானை பயற்றோடு வந்தாள். மத்தியானம் இருவரும் முன்வாசல் வழியாக நம் அடுப்படிக்கே வந்துவிட்டார்கள். வெஸ்டா முதல் வேலையாக ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். "சாலையில போறவங்க கண்ணு சும்மா இருக்காது பாரு" என்றாள். அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் அவளும் திரை ஓரத்தை விலக்கிச் சாலையை எட்டிப் பார்த்தாள், அதையும் கவனித்தேன். அப்புறம் மெதுவாக, "அன்னிக்குப் படியில குடுத்துட்டேன் லூவீனியா. எனக்குத் தோணவே இல்ல" என்றாள். "எனக்கும் தோணல, மிஸ் வெஸ்டா" என்றேன். இருவருக்கும் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நம் வீட்டில் மூன்றே நாற்காலி. என்னுடையதில் வெஸ்டாவை உட்கார வைத்தேன். பெர்லியுடையதில் நானும் அவளும் ஒண்டிக்கொண்டோம். டூவிட் உங்கள் நாற்காலியில் கை வைத்தார். "அது வேண்டாங்க, அது எங்க வீட்டுக்காரரோடது" என்றேன். மறுபடியும் என் வாய்! அவர் கையை எடுத்துக்கொண்டு, பன்றிக்கொழுப்பு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். "சரிதான். ஹோசியா வந்து உக்கார்ற வரைக்கும் அது சும்மாவே இருக்கட்டும்" என்றார். உங்களை அவர் பேர் சொல்லிச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஆலை வாசலில் 'டேய்' என்றவர்.

இனி அவர் நல்லவராகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. திரையைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடும் நாள் வரட்டும், அப்போது சொல்கிறேன். பருத்தி விதைப்புக்கும் இரண்டு கழுதையையும் சேர்த்துப் பூட்டுவதாகப் பேச்சு. இந்த முறை முதலில் நம் வயல். நான்தான் கேட்டு வாங்கினேன்.

பெர்லி உங்கள் நாற்காலியைத் தினமும் துடைக்கிறாள். அது காலியாக இருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லைதான். ஆனால் இந்த ஒரு கோடையும் பனிக்காலமும் அது காலியாக இருந்தால் நான் பொறுத்துக்கொள்வேன், ஹோசியா. அதற்கப்புறமும் காலியாக இருக்கும்படி செய்துவிடாதீர்கள். டாக்டர் போ என்று சொல்லும்வரை படுத்திருங்கள்.

கர்த்தர் உங்கள் நெஞ்சுக்கூட்டைக் காக்கட்டும்.

உங்கள் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கும்,
லூவீனியா.