ஏரியில் விடுவதாகச் சொன்ன படகு

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் மஞ்சு மூட்டம். பத்து மணிக்கு மேல் வெயில். போட்டோகிராபர் சேவியரின் ஜீப்பில் பள்ளங்கி.

படகு கிடைத்துவிட்டது.

தேவாலய வாசகசாலையில் மாட்டியிருக்கும் பழைய படத்தில் உள்ளது இதேதான். கீழே ஏதோ ஒரு கால்வாயில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்த தட்டைப் படகு. மலைக்குச் சாலை வராத காலத்தில் இரண்டாக அறுத்து, தோளில் சுமந்து மேலே கொண்டுவந்து, பித்தளை போல்ட் போட்டு மறுபடி பூட்டி ஏரியில் விட்டதாகப் படத்தின் அடியில் எழுதியிருக்கிறது. நடு வயிற்றில் அந்த போல்ட் வரிசை தெளிவாகத் தெரியும். கோடை முழுக்க நான் தேடியது அதைத்தான்.

இருந்த இடம் வேலம்மாளின் மாட்டுத் தொழுவம். தண்ணீர்த் தொட்டி. பாதி மண்ணுக்குள். தேங்காய் நார் வாங்கிப் பாசியைத் தேய்த்தேன். ஒவ்வொரு போல்ட்டாக மஞ்சள் மஞ்சளாக வெளியே வந்தது.

வேலம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். பூண்டு விவசாயம். மகன் ஒட்டன்சத்திரம் மண்டியில். ஏரியில் ஆகாது என்று விறகுக்குத் தள்ளிவிட்டதை மாமனார் வாங்கிவந்தாராம். மழையில் கிடந்தபோது தண்ணீர் ஒழுகாமல் நின்றதைப் பார்த்து, உடைக்காமல் மாட்டுக்கு வைத்துவிட்டார். அன்று முதல் காய்ந்ததே இல்லை. மரம் பிழைத்தது அதனால்தான்.

விலை வேண்டாம் என்றார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதத் தூக்கிட்டு மலையேறுன ஆளுகள்ல எங்க ஆளுகளும் உண்டு சார். தூக்குனாங்களே தவிர ஒருத்தரும் ஏறி ஒக்காந்ததில்ல. ஏரில விடயில என்னைய ஒருக்கா ஒக்கார வச்சு ஒரு சுத்து சுத்திருங்க."

சரி என்றேன். என் பேரைச் சொல்லிச் சரி என்றேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் சேவியர் டேப் வைத்துப் படகின் நீளம், அகலம், உயரம் அளந்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டு, போன் பேச ரோட்டுக்குப் போனான். படம் எடுக்க எதற்கு அளவு என்று கேட்க நினைத்து மறந்தேன்.

இரவு இளைப்பு கொஞ்சம். சமையல் கேஸுக்குச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தூறல். எங்கள் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. நான்கு பத்தி, சேவியரின் படம். "பழைய படகு மீண்டும் ஏரிக்கு." தலைப்பு என்னுடையதுதான். ஆபீஸ் டெஸ்க்கில் மாற்றவில்லை, அதிசயம்.

படகைத் தோண்டி எடுத்து மினி லாரியில் ஏற்றியாயிற்று. ஊரே கை கொடுத்தது. கூட்டத்தில் ஒருவர், "ஏலே, ஒங்க தாத்தன் தோள்ல ஏத்துனத நீ லாரியில ஏத்துறியே" என்று இன்னொருவரைக் கிண்டல் செய்தார். சிரிப்பு. வேலம்மாள் படகின் மூக்கில் மஞ்சள் தடவினார். மாட்டுப் பொங்கலுக்கு வருடாவருடம் தடவுவதாம்.

தொட்டி இருந்த இடத்தில் நீல பிளாஸ்டிக் டிரம் வைத்திருக்கிறார்கள். மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

நாயுடுபுரத்தில் துரையின் தச்சுப் பட்டறையில் இறக்கினோம். பட்டறை, மரம், கூலி எல்லாம் சேவியர் பொறுப்பு. "எழுதுறது நீ, மத்தது நான்" என்றான். திண்டுக்கல் பதிப்பில் சேர்ந்த நாள் முதல் எங்களுக்குள் அதுதான் ஏற்பாடு.

செப்டம்பர் 20, சனி

வெயில். துணி காயப்போட்டேன்.

பட்டறைக்குப் போனேன். பலகைகளில் முக்கால்வாசி பழுதில்லை. மூன்றை மட்டும் மாற்ற வேண்டுமாம். ஆனால் படகு காய்கிறது. இணைப்புகளில் விரல்நகம் நுழைகிற இடைவெளி. துரையிடம் சொன்னேன்: வேலை முடிந்ததும் ஏரிக்கரை ஓரமாக ஒரு வாரம் முழுக்கிவைக்க வேண்டும், மரம் ஊறி உப்பினால்தான் இடைவெளி மூடும், அப்புறம்தான் ஆள் ஏறலாம். துரை தலையாட்டினான். சேவியரைப் பார்த்தான். சேவியர் போனைப் பார்த்தான்.

"வார்னிஷ் அடிக்கப் போறான் மாப்ளே. ஒனக்கு இளைப்பு. முடிஞ்சதும் கூப்பிடுறேன், அப்ப வா."

அக்கறைதான். வேறென்ன.

செப்டம்பர் 26, வெள்ளி

இரண்டு நாளாக மழை. மின்சாரம் வருவதும் போவதும். கேஸ் வந்தது.

டீக்கடையில் மதுரைக் குடும்பம் ஒன்று. "ஏரியத் தவிர இங்க வேற என்னதான் இருக்கு?" "ஏரிதான் இருக்கு. அதையும் பாத்தாச்சு."

வேலம்மாள் போன். நாள் குறித்தாயிற்றா என்று கேட்டார். ஏரிக்கு வருவதற்கென்று வத்தலக்குண்டில் சேலை எடுத்திருக்கிறாராம், வாடாமல்லி நிறம். அடுத்த ஞாயிறு இருக்கலாம் என்றேன். "பூண்டுச் சோலி கெடக்கு. இருந்தாலும் வெள்ளனே கெளம்பி வந்துருவேன்" என்றார். மாடு டிரம்மில் இன்னும் வாய் வைக்கவில்லை. குடத்தில் மொண்டு காட்டுகிறாராம்.

முழுக்கிவைக்கும் நாளைச் சேவியரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றான். முன்பு கேட்டபோதும் பார்க்கலாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தெளிந்த வானம். ஊர் முழுக்க வாழைக்கன்று கட்டிய ஜீப்புகள்.

கூப்பிடாமலே பட்டறைக்குப் போனேன். பண்டிகை நாள், வேலை இல்லை, வார்னிஷ் வாடை இருக்காது. அது மட்டும்தான் காரணம்.

ரம்பம், இழைப்புளி, டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் இரண்டு மரக்குதிரைகள் மேல் படகு கவிழ்த்து வைத்திருந்தது. பளபளப்பு. கிட்டே நிற்கவே பெருமையாக இருந்தது. அடிப்பலகையிலும் சந்தனப் பொட்டுகள். மூன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரியவை. நடுவில் குங்குமத்துக்குப் பதிலாகக் கறுப்பு. குனிந்து தொட்டேன். விரல் உள்ளே போயிற்று. எவர்சில்வர் வளையம், ஜில்லென்று.

துரை பொரி, கடலைத் தட்டோடு வந்தான். இது என்னப்பா என்றேன்.

"தண்ணி வடியிற ஓட்டை சார். ஐஸ் உருகுனா தண்ணி தேங்கக்கூடாதுல்ல. அடியில பைப் மாட்டி வெளிய விட்டுருவாங்க."

"எந்த ஐஸ்?"

அவன் முகம் மாறியது. எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"சேவியரண்ணன் சொல்லலையா சார்? ஓட்டல் சாப்பாட்டு ஹாலுக்கு. சாலட், பழம், ஐஸ்கிரீம் எல்லாம் இதுக்குள்ளதான் அடுக்குவாங்க. அளவுகூட அன்னிக்குப் பள்ளங்கியில இருந்தே எனக்குப் போன் போட்டுச் சொன்னாரே. அந்த செவுத்தோரம் கொள்ளுமான்னு பாக்கச் சொல்லி."

பொரியை வாங்கித் தின்றேன். பண்டிகை நாளில் தட்டைத் திருப்பி அனுப்புவது சரியில்லை என்று தோன்றியது. அந்த நேரத்தில் அது ஒன்றுதான் தோன்றியது.

அக்டோபர் 2, வியாழன்

மேகமூட்டம். காந்தி ஜெயந்தி, ஒயின் ஷாப் மூடல். ஏரியில் கூட்டம்.

சேவியரை ஏரிக்கரைக்கு வரச்சொன்னேன். இப்போது எதையும் மறைக்கவில்லை. ஏரி ரோட்டுக்கு மேலே புதிதாக வரும் ஓட்டலுக்கு அலங்கார வேலை மொத்தமும் அவன் எடுத்திருக்கிறான். படகைத் தேடத் தொடங்கும் முன்பே பேசியாயிற்றாம். என் செய்தியைச் சட்டம் போட்டுப் படகுக்கு மேலே மாட்டப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வேலம்மாளைக் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடலாம், நல்ல படம் கிடைக்கும் என்றான்.

தண்ணீரில் விட்டால் ஐந்து வருடத்தில் உளுத்துவிடும், ஓட்டலில் இருந்தால் ஆயுசுக்கும் இருக்கும், தினமும் நூறு பேர் பார்ப்பார்கள் என்றான். அதில் பாதி உண்மை. அதுதான் கோபம்.

என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். கேமரா பையின் வாரைச் சரிசெய்தபடி சொன்னான், சாதாரணமாக.

"நான் கேட்டா அந்தம்மா குடுக்காது. நீ கேட்டா குடுக்கும். அவ்வளவுதான் மாப்ளே."

மண்சரிவு, தேர்தல், யானை புகுந்த ஊர், எல்லாவற்றுக்கும் ஒரே ஜீப்பில் போயிருக்கிறோம். என் அப்பா இறந்தபோது பாடையின் முன் பக்கம் அவன் தோள். இவ்வளவையும் யோசித்துக்கொண்டே நின்றேன். அவன் வெயில் வருகிறதா என்று மேலே பார்த்தான். ஏரியைப் படம் எடுக்க.

வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அக்டோபர் 4, சனி

நேற்று ஒன்றும் எழுதவில்லை. போனில் சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் போயிற்று. போனில் சொல்கிற விஷயமில்லை.

பஸ்ஸில் பள்ளங்கி. மஞ்சு. கண்டக்டர் முன்னாடி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வேலம்மாள் வாசலில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவரே ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டல், ஐஸ், மூன்று துளைகள், விளக்கேற்றக் கூப்பிட இருப்பது. அவர் கை நிற்கவில்லை. பெரிய பூண்டு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம்.

துளையை அடைக்கலாம், ஓட்டல்காரரிடம் கேட்டுப்பார்க்கிறேன், தருவது சந்தேகம் என்றேன்.

"ஓட்டலுக்கு நான் குடுக்கலயே சார். ஒங்களுக்குல்ல குடுத்தேன்."

பிறகு மாட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"மூணு ஓட்டைன்னா, இனித் தொட்டிக்கும் ஆகாதுல்ல?"

ஆகாது என்றேன்.

எழுந்து உள்ளே போனார். திட்டுவார் என்று நின்றேன். வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்தார். எப்போதும் போல நிறையச் சர்க்கரை. குடித்து முடிக்கப் பெரும் பாடு.

கிளம்பும்போது விளக்கேற்றப் போவீர்களா என்று கேட்டேன். "எனக்குத்தான் சோலி கெடக்கே" என்றார். கொடியில் வாடாமல்லிச் சேலை, தண்ணீரில் அலசிக் காயப்போட்டிருந்தது. புதுச் சேலை. தினப்படிக்கு எடுத்துவிட்டார் போல.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை. ஓட்டல் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்கிறது. சேவியர் மூன்று முறை போன். எடுக்கவில்லை.

டெஸ்க்குக்குப் போன் செய்து திருத்தம் போட வேண்டும் என்றேன். புதுப் பையன், மரியாதையானவன். அன்றைக்கு எழுதியது தவறாக இருந்தால்தான் திருத்தம், பிறகு மாறியிருந்தால் அது தொடர் செய்தி, ஓட்டல் திறப்போடு சேர்த்து அழகாகப் போடலாம் என்றான். விதி சரி. அந்த விதியை அங்கே எழுதி ஒட்டியவனே நான்தான்.

போனைப் பிடித்தபடியே இந்தக் குறிப்பைப் பின்னால் புரட்டினேன். செப்டம்பர் 9. டேப், உள்ளங்கை, போன். என் கையெழுத்திலேயே இருக்கிறது.

"அன்னிக்கே தப்பு, தம்பி. எழுதிக்கங்க."

சொல்லச் சொல்ல எழுதினான்: பள்ளங்கியில் கிடைத்த பழைய படகு மீண்டும் ஏரியில் விடப்படும் என்று வெளியான செய்தி தவறு. படகு ஏரிக்குத் திரும்பாது. அடியில் துளையிடப்பட்டு, தனியார் ஓட்டலில் உணவு மேசையாக வைக்கப்பட்டுள்ளது. வேலம்மாள் படகைக் கொடுத்தது, ஏரியில் விடுவதாக இச்செய்தியாளர் அளித்த வாக்கின் பேரில்.

கடைசி வரி தேவையா சார் என்றான். தேவை என்றேன். இடம் இருந்தால் போடுகிறேன் என்றான்.

மழை விடவில்லை. மேளம் நின்றுவிட்டது.

நாளை வத்தலக்குண்டு, முதல் பஸ். மாட்டுக்குக் கல்தொட்டி எங்கே கிடைக்கும், விசாரிக்க. பள்ளங்கி வரை ஏற்றிவிட லாரி, அதுவும்.