பேர் வெட்டிய ஆறு ஸ்பூன்

மரக்காணம்
புதன்கிழமை

அன்புள்ள மகள் ரோஸ்லினுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ சிரிப்பாய், நானும் சரி போகட்டும் என்று விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் பெய்த மழையில் பாத்தியில் வாரி வைத்த உப்பெல்லாம் கரைந்துபோய்விட்டது, உப்பளத்தில் யாருக்கும் வேலை இல்லை. உன் அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் போகலாம் என்றால் என்னோடு சண்டைக்கு வருகிறாள்.

வேலை இல்லாததால் திங்கட்கிழமை பஸ் ஏறிப் பெரிய முதலியார்சாவடிக்குப் போனேன். சிவஞானத்தின் பழைய சாமான் கடை உனக்குத் தெரியும், ஆரோவில்லில் இருந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போவதெல்லாம் அங்கேதான் வந்து விழும். ஸ்பூன், முள்கரண்டி எல்லாவற்றையும் ஒரு பெயிண்ட் பக்கெட்டில் போட்டு எடைக்கு விற்பான். வருகிறவர்கள் பளபளப்பதைப் பொறுக்குவார்கள், நான் கறுத்ததைப் பொறுக்குவேன். கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டில் பதினோரு வருஷம் வெள்ளிச் சாமான் துலக்கிய கை இது. காந்தம் ஒட்டாவிட்டால் வெள்ளி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், நல்ல ஸ்டீலிலும்தான் ஒட்டாது. காம்பின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்க்க வேண்டும், 925 என்றோ கடுகளவு சிங்க முத்திரையோ இருந்தால் அசல், இ.பி.என்.எஸ். என்று இருந்தால் வெறும் முலாம். உன் கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய் அப்படித்தான் ஒவ்வொன்றாக ஆறு ஸ்பூன் சேர்த்தேன். சீர் பாத்திரம் என்றால் பேர் வெட்ட வேண்டாமா என்று பாத்திரக் கடையில் கொடுத்து, எவர்சில்வர் குடத்துக்கு வெட்டுகிற மாதிரியே ம. ரோஸ்லின் என்று ஆறிலும் வெட்டி வாங்கினேன். கெஸ்ட் ஹவுஸ் முதலாளி அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினால் தலையில் கை வைத்துக்கொண்டார்கள், இவ்வளவு பழைய வெள்ளியை இப்படிக் கெடுத்துவிட்டாயே, இனி யாரும் வாங்க மாட்டார்களே என்றார்கள். விற்கவா வாங்கினேன், என் மகள் வைத்து ஆளப்போகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பக்கெட்டில் கை விட்டேன், முதலில் வந்ததே கறுத்த ஸ்பூன். துடைத்தேன், சிங்கம் இருந்தது, அதற்குக் கீழே உன் பேர் இருந்தது. தேடினால் ஆறும் அதிலேயே கிடந்தன. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பாண்டியிலேர்ந்து பூஜான்னு ஒரு பொண்ணு வீடு காலி பண்றப்ப மூட்டையா போட்டுட்டுப் போச்சுங்க, அது ஃப்ரெண்டு பிரான்சுக்குப் போறப்ப விட்டுட்டுப் போனதாம், யார் யாரோ வாயில வெச்ச ஸ்பூனு எனக்கு வேணாம்னு அந்த ஃப்ரெண்டு சொல்லிடுச்சாம், தமிழ்ல பேரு வெட்டியிருக்குது, ஸ்டீலாத்தான் இருக்கும்னு எடைக்குப் போட்டுட்டேன் என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். பாண்டியில் உன் பக்கத்து வீட்டில் இருந்த பூஜாதானே. அவன் கேட்டதைக் கொடுத்து ஆறையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எச்சில் ஸ்பூன் என்று அருவருப்பாக இருந்தால் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம் ரோஸ்லின். அது உன் மனசு, அதற்காக உன்னை அடித்தா விடுவேன். விட்டுவிட்டுப் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்து, அப்பா, உங்க வெள்ளி ஸ்பூன்லதான் பாப்பாவுக்கு ஊட்டறேன், பாருங்க என்று தூக்கித் தூக்கிக் காட்டினாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதை நம்பிக் கோயில் உபதேசியாரிடமும் உப்பு வாருகிற பெண்களிடமும் ஒருவர் விடாமல் பெருமை பீற்றிக்கொண்டேன். நீ காட்டிய ஸ்பூன் கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னியது. எவ்வளவு துலக்கினாலும் பழைய வெள்ளி அப்படி மின்னாது என்று எனக்குத் தெரியாதா, தெரிந்தும் மகள் சொல்கிறாளே என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து ஆறையும் உன் அம்மா முன்னால் வைத்தேன். எங்கே கிடைத்தது என்றுகூட அவள் கேட்கவில்லை. சின்னப் பொண்ணு, ஏதோ பண்ணிட்டா, உங்களுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவீங்க, அதான் நான்தான் அப்படிச் சொல்லுன்னேன் என்றாள். ஆக உங்கள் எல்லோருக்கும் தெரியும், வாங்கிக் கொடுத்த நான் ஒருவன்தான் முட்டாள். மூன்று நாளாக அவளோடும் எனக்குப் பேச்சு இல்லை, சோறு போடுகிறாள், சாப்பிடுகிறேன்.

ஸ்பூனை நான் திருப்பி அனுப்பப் போவதில்லை, நீயும் கேட்காதே. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லி அங்கே சண்டை வளர்க்காதே, அவர் மேல் தப்பு இல்லை. பாப்பாவுக்குக் காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், பாப்பா நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடு. ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் போன் பண்ணு, எடுப்பேன். பாப்பாவைக் காட்டு. சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் வேண்டாம், தூங்கும்போது காட்டு.

இப்படிக்கு
உன் அப்பா
இ. மரியதாஸ்