கிணற்றோரம் விரித்த கட்டம் போட்ட ஷீட்டு

கச்சிராயபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கறவை மாடும் சுகம். ஒடிசாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான்.

மலைக்குப் போடப்போகிற புதுச் சாலைக்காக நம் பக்கத்து நிலங்களை அளக்கப் போன வாரம் ஆட்கள் வந்தார்கள். கால்வாய் வேலைக்காக நீ வயல்களின் மேலே பறக்கவிடுகிறாயே, அதே மாதிரி வயிற்றில் லேசர் பெட்டி கட்டிய ட்ரோன். மரவள்ளி ஆள் உயரம் நிற்கிறதே, தரை எப்படித் தெரியும் என்று கேட்டேன். இலைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் கதிர் இறங்கித் தரையைத் தொட்டுத் திரும்பும் என்று அவர்களோடு வந்த செந்தமிழ்ச்செல்வி பொறுமையாகச் சொன்னாள். திருக்கோவிலூர்ப் பெண், உன் வயதுதான், உன்னைப் போலவே பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரப்பில் ஓடுகிறாள். அவள்தான் காலையில் நம் கிணற்றோரம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஷீட்டு ஒன்றை விரித்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து, அந்த இடத்தை ஒரு கருவியில் குறித்துக்கொண்டு போனாள். ஷீட்டு இருக்கிற இடத்தில்தான் சாலை வரும், கிணறு போச்சு என்று நினைத்துவிட்டேன். அவளையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், உன் அப்பனுக்கு அந்தப் புத்தி இல்லை. அவர்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஆணியைப் பிடுங்கி, முப்பது அடி தள்ளி ஓடைப் புறம்போக்கில் அதே மாதிரி விரித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பார்த்தால், அவள் குறித்த இடமும் ட்ரோன் பார்த்த இடமும் ஒத்துவரவில்லையாம். அவர்களுடைய மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டி, அளக்கத் தெரியாதவள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அவள் நம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா தண்ணீர் கொடுத்து விசாரித்ததற்கு, நான் சரியாத்தாங்க வெச்சேன், யாரும் நம்ப மாட்டேங்கறாங்க என்றாள். எழில், அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஆடி மாதம் உன் அளவு தப்பென்று வேலையிடத்தில் திட்டு வாங்கிவிட்டு, நீ போனில் அழுதுகொண்டே சொன்னதும் அதேதான். நீதான் எங்கேயாவது கவனம் தப்பியிருப்பாய், மன்னிப்புக் கேட்டுவிடு என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னவன் நான்.

செருப்புகூடப் போடாமல் போய் மேலாளரிடம் நான்தான் நகர்த்தினேன் என்றேன். பெண்ணைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று அவர் நம்பவில்லை. கிணற்றோரம் கூட்டிப்போய் நாலு ஆணித் துளைகளையும் காட்டினேன். பிறகு எனக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல, தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். அவளை வேலையில் வைத்துக்கொண்டார்கள். இன்னாங்க இப்படிப் பண்ணிட்டீங்க, ஷீட்டு சும்மா ட்ரோன் அளவு சரியான்னு பார்க்கற அடையாளத்துக்குங்க, ரோடு எங்க வரும்னு மேப்பு பார்த்துதான் முடிவு பண்ணுவாங்க என்று சொல்லிவிட்டு அவள் டப்பாவைத் திறந்தாள். ஒரு பொண்ணு சோறு துன்னாம குந்திக்கினு இருந்துச்சே, உங்களுக்கு இன்னா மனசுங்க என்று அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மறுபடி பறக்கவிட்டு அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். கிணறு தப்புமா என்று இன்னும் தெரியாது, கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கண்ணு, ஆடி மாதம் நீயும் சரியாகத்தான் வைத்திருப்பாய். என்னைப் போல எவனோ ஒருவன் நகர்த்தியிருப்பான். நீ சொன்னதை நம்பாமல் போனேன், அது என் தப்பு, அப்பாவை மன்னித்துவிடு.

நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. பொங்கலுக்கு வர இப்போதே டிக்கெட் போடு, உளுந்தூர்பேட்டைக்கு நானே வண்டியில் வந்து கூட்டிவருகிறேன். இனி எங்கே ஷீட்டு விரித்தாலும், அது எதற்கென்று நிலத்துக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விரி. பாவம், அவனுக்கும் ஒரு கிணறு இருக்கும்.

உன் அப்பா,
பூமாலை.