துணைக்கு வந்தவள்

அக்கா,

அன்று என் கருக்கலைப்புக்குத் துணையாக நீ கிளம்பியபோது, "நீ வராதே" என்று நான் சொல்லவில்லை. உனக்கு மறுபடியும் கரு தங்காமல் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் தனியாகப் போக எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் உன்னை வெளியே அனுப்பிவிட்டு, "இது உங்க முடிவுதானேம்மா? வேணாம்னு தோணினா இப்பக்கூட எழுந்து போகலாம்" என்றார். என் முடிவுதான் என்றேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

முந்தின மாதம் உன்னைக் கவனித்துக்கொண்ட அதே நர்ஸ், "நீங்க வெளியவே இருங்களேன்" என்று உன்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஊசின்னாலே ஊரைக் கூட்டுவா சிஸ்டர் இவ. நான் இருக்கேன்" என்று சிரித்தாய். கடைசிவரை என் கையை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வயிற்றில் வெந்நீர்ப் பை வைத்துவிட்டாய்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனாய். அதன்பிறகு நீ என் போனை எடுக்கவே இல்லை.

உன் தங்கச்சி