சம்பந்தி பார்த்த ரத்தக் கணக்கு

பல்லாவரம்
6.5.2007

சம்பந்தி அக்தர் பாய்க்கு அயூப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை எழுதியது நானேதான். இந்த வயதில் மெட்டில்டா டீச்சரின் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டேன். இரண்டு நாளாக எழுதுகிறேன், சந்தோஷம் தாங்கவில்லை. போனில் நான் திட்ட ஆரம்பித்தால் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் என்னை நடுவில் நிறுத்த உங்களால் ஆகாது. முன்பெல்லாம் மருமகள் ஷாயிஸ்தாதான் எனக்கு எழுதித் தருவாள். அவள் அத்தாவான உங்களைத் திட்டி அவளையே எழுதச் சொல்ல முடியுமா?

என் மகன் சாஹில் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கண் திறந்து பார்க்கிறான், பேச்சு இல்லை. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உங்கள் மகளிடம், "இவன் தேறமாட்டான், நீ நம்ம வூட்டுக்கு வா" என்றீர்களாமே. மருந்துக்கடை வைத்திருந்தால் உயிர் பறிக்கிற வானவரான மலக்கோடு கூட்டு வியாபாரமா?

அயூப்
(சொந்தக் கையெழுத்து)

தாம்பரம்
10.5.2007

சம்பந்தி அயூப் பாய் அவர்களுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது. புத்திதான் பழையபடி இருக்கிறது.

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. டாக்டர் வேதா நடத்தும் ஆராய்ச்சிக்காக சாஹிலின் ரத்தத்தையும் எடுத்திருக்கிறார்கள். மூளையில் அடிபட்டால் ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம். நிறையக் கசிந்தால் தேறுவது கஷ்டமாம். விபத்து நடந்த அன்றைய அளவை நச்சரித்துக் கேட்டு வாங்கினேன். இருக்கவேண்டியதைப் போல் இருபது மடங்கு! சர்க்கரை ஏறினால் மனிதன் என்ன ஆவான் என்று கடையில் தினமும் பார்க்கிறவன் நான். என் மகளுக்கு இன்னும் வயது இருக்கிறது. ஜமாத்தில் பேசிப் பிரித்துவிடுவோம்.

அக்தர்

பல்லாவரம்
15.5.2007

சம்பந்தி,

இந்தக் கடிதத்தோடு வரும் ஜிலேபியைத் தின்றுவிட்டு மேலே படியுங்கள்.

ஐந்தாம் நாள் எடுத்த ரத்தத்தின் அளவை நானும் போய்க் கேட்டேன். இறங்கிவிட்டது! நல்லா இருக்கிற மனிதனுக்கு இருக்கிற அளவுக்கே வந்துவிட்டது. வார்டு முழுக்க இனிப்புக் கொடுத்தேன். நர்ஸ், "இன்னா பாய், பேரன் பொறந்துட்டானா?" என்றாள். "இல்லம்மா, சம்பந்தி தோத்துட்டாரு" என்றேன்.

அயூப்

தாம்பரம்
4.7.2007

அயூப் பாய் அவர்களுக்கு,

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தே ஜிலேபி அனுப்பினீர்கள். நல்ல மனசு.

நீங்கள் கொண்டாடிய கதையை டாக்டர் வேதாவிடம் சொன்னேன். அந்தப் புரதம் சில நாளில் தானாகவே இறங்கிவிடுமாம். தேறுகிறவனுக்கும் இறங்கும், தேறாதவனுக்கும் இறங்கும். தொடை எலும்பு உடைந்தாலும் கொஞ்சம் ஏறும் என்று எனக்கும் ஒரு குட்டு வைத்தார். "நூறு பேரைப் பத்தின்னா ஓரளவு சொல்லும் சார். உங்க மாப்பிள்ளை ஒருத்தரைப் பத்திச் சத்தியம் பண்ணாது" என்றார்.

அது போகட்டும். சாஹில் வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. தட்டை வீசுகிறான். என் மகளை "அக்கா" என்று கூப்பிடுகிறானாம். கட்டியவளை அக்கா என்ற பிறகு என்ன நிக்காஹ்? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வேன் அனுப்புகிறேன். அவள் பெட்டியைக் கட்டி வையுங்கள்.

அக்தர்

பல்லாவரம்
8.7.2007

சம்பந்தி,

உங்கள் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துச் சிரித்தேன். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டேன். "புத்தி தெளியாதவன் சொல்லுக்கு மார்க்கத்துல கணக்கே இல்ல அயூப். அவளைத் தாத்தான்னு கூப்பிட்டாலும் அவ பொண்டாட்டிதான்" என்றார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். அவன் மூளை போய்விட்டது என்றால் அந்த "அக்கா" செல்லாது. "அக்கா" செல்லும் என்றால் அவன் மூளை தேறிவிட்டது. எந்தக் கதவு வழியாக வருகிறீர்கள்? இரண்டிலும் நான்தான் நிற்கிறேன். வேன் வந்தால் டிரைவருக்கு டீ கொடுத்துத் திருப்பி அனுப்புவேன்.

அயூப்

தாம்பரம்
14.7.2007

அயூப் பாய் அவர்களுக்கு,

ஒருத்தியைக் கூட்டிவர வேன் அனுப்பினேன். இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். முதலில் சாஹிலை ஏற்றி உட்காரவைத்துவிட்டுத்தான் அவள் ஏறினாளாம். நீங்கள் தடுக்காமல் வாசலில் நின்றீர்கள் என்று டிரைவர் சொல்கிறான். ஹஸ்ரத் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று?

இறங்கியதும் என்னிடம் சொன்னாள்: "அத்தா, அங்க மாமா ஜெயிக்கிறாரு, இங்க நீங்க ஜெயிக்கிறீங்க. நடுவுல தோக்கறது நானும் அவரும்தான். இங்கேர்ந்து ஆஸ்பத்திரி கிட்ட. பேச்சுப் பயிற்சிக்கு நானே கூட்டிட்டுப் போவேன். வெச்சுக்கறதுன்னா ரெண்டு பேரையும் வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். அவளுக்காக. உங்கள் மகன் வந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. என்ன செய்யவேண்டும்?

அக்தர்

பல்லாவரம்
16.7.2007

சம்பந்தி,

வேன் ஏறும் முன் ஷாயிஸ்தா என்னிடமும் சொன்னாள்: "அவரு என்னை அக்கான்னு கூப்பிடறப்பல்லாம் நீங்க ஹஸ்ரத் சொன்னதைச் சொல்லிச் சிரிக்கிறீங்க மாமா. எனக்குச் சிரிப்பு வரல." அதனால்தான் வேனைத் திருப்பி அனுப்பவில்லை.

சாஹிலுக்குத் தட்டில் நிறைய வைக்காதீர்கள், மிரண்டு வீசுவான். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். இடது பக்கம் நிற்பவர் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வலது பக்கமாக உட்காருங்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பான். முதல் தடவை கேட்டதைப் போலவே பதில் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கோபம் வரும். அவனை ஒன்றும் சொல்லாதீர்கள். எனக்கு எழுதுங்கள். எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் முழுக்கப் படிப்பேன்.

அயூப்